கையில் தாளம் பிடித்து ஜாஸ் மெட்டல் கேட்பது எப்படி

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடை. தே தாரிக் வருவதற்குள் அக்கா மகன் காதில் இயர்போனை மாட்டி, பன்சர்பாலெட் என்கிற ஜெர்மன் குழுவின் பாட்டு ஒன்றைப் போட்டேன். இருபது வினாடிகூடத் தாங்கவில்லை. கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "என்ன மாமா இது, ஆளுக்கொரு பாட்டு வாசிக்கிறாங்க, நடுவுல ஒருத்தர் சாக்ஸபோன் வேற ஊதுறாரு" என்றான். அவன் ஆறு வருடம் மிருதங்கம் கற்றவன். சரி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேள் என்று மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். இரண்டு நிமிடம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று சிரித்துவிட்டான். "அடப்பாவி, எல்லாரும் சேர்ந்து சமத்துல வந்து இறங்குறானுங்க!"

இந்த இசைக்குள் நுழைய அதுதான் வாசல். சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் அடி, எங்கே என்று தெரிந்துவிட்டால், அதுவரை சத்தமாகக் கேட்டதெல்லாம் கணக்காகக் கேட்கும். மிருதங்கம் கற்றிருக்க வேண்டும் என்பதில்லை. கோயில் பஜனையில் கைதட்டியிருந்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

அதற்கு முன், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. மெட்டலிலிருந்து கனத்த கிதார், இரண்டு காலாலும் உதைத்து வாசிக்கும் பேஸ் டிரம், இரைச்சல். ஜாஸிலிருந்து அடர்த்தியான சுரக்கட்டுகள், மேடையிலேயே கற்பனையாக வாசிப்பது, ஸ்விங் என்கிற ஆட்டம். இரண்டிலும் கை தேர்ந்தவர்களால் மட்டுமே இதை வாசிக்க முடியும் என்பதால் இப்படிப்பட்ட குழுக்கள் உலகம் முழுவதும் தேடினாலும் குறைவுதான். பன்சர்பாலெட் மியூனிக் நகரத்துக் குழு. கிதார்க் கலைஞர் யான் சேர்ஃபெல்ட் 2004இல் தொடங்கியது. பெயரிலேயே போர் டாங்கியையும் பாலே நடனத்தையும் ஒட்டவைத்திருக்கிறார்கள். அதே 2004இல்தான் நம் பினாங்கில் தீவு ஜாஸ் விழாவும் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, எனக்கு மட்டும் அந்த ஒற்றுமை பிடிக்கும்.

இரண்டும் எண்ணெயும் தண்ணீரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. மெட்டலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான பிளாக் சபாத் கிதார்க் கலைஞர் டோனி அயோமி, பதின்ம வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடது கைக்காரர், அதனால் தந்திகளை அழுத்துவது அந்த வலது கைதான். கிதாரையே விட்டுவிடலாம் என்றிருந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் உலகப் புகழ்பெற்ற ஜாஸ் கிதார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது அது. அயோமி மறுபடியும் கிதாரைத் தூக்கினார். இப்படிப் பார்த்தால், மெட்டல் பிறந்த வீட்டிலேயே ஜாஸ் இருந்திருக்கிறது.

முதல் படி: போன் ஸ்பீக்கரை அணையுங்கள்

இது சின்னப் படிதான், ஆனால் தவிர்க்க முடியாதது. சாதாரண கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ். இந்தக் குழுக்களில் பலர் வைத்திருக்கும் எட்டுத் தந்திக் கிதாரில் அது ஏறத்தாழ 46 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் அடித்தந்தியை எட்டிப் பிடிக்கும் தூரம். போனின் சின்ன ஸ்பீக்கரில் அந்த ஒலி வரவே வராது. மேலே இருக்கும் கீச்சொலி மட்டும் வரும், நீங்களும் இது வெறும் இரைச்சல் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். காதை மூடும் ஹெட்போன் போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது படி: கிதாரை விடுங்கள், சிம்பலைப் பிடியுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். புதிதாகக் கேட்பவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, கிதாரைத் துரத்துவது. அதுதான் பெரிதாகக் கேட்கிறது, அதனால் காது அதன் பின்னால் ஓடும். ஆனால் கணக்கைக் குழப்புவதற்கென்றே இருக்கிற ஆள் அவர்தான். பல பாட்டுகளில் டிரம்காரரின் வலது கை சிம்பல் என்கிற உலோகத் தட்டில் ஒரே சீராக நாலு நாலாகத் தட்டிக்கொண்டிருக்கும். கால் மட்டும் கிதாரோடு போகும். அந்த வலது கைதான் உங்கள் தாளம்.

முதலில் பாட்டே இல்லாமல் பயிற்சி செய்து பாருங்கள். ஆதி தாளம் போடுங்கள். ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் தகதிமி என்று நாலு வைத்தால் 32. இப்போது கை அதே வேகத்தில் போகட்டும், வாயால் தகிட தகதிமி, தகிட தகதிமி என்று ஏழு ஏழாகச் சொல்லுங்கள். நாலு தடவை சொன்னால் 28. மிச்சம் நாலு. அங்கே ஒரு தகதிமி போட்டால் 32 முடிந்து சமத்துக்கு வந்துவிடலாம். சரியாகச் சொல்லியிருந்தால் அந்தக் கடைசித் தகதிமி கடைசி வீச்சில் போய் அமரும். முதல் பத்துத் தடவை அமராது. எனக்கும் அமரவில்லை, எல்ஆர்டியில் செந்தூலிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் வரை முணுமுணுத்துக்கொண்டே போய், எதிரே உட்கார்ந்திருந்த அம்மா இடம் மாறி உட்கார்ந்தார்.

வாய் சொல்வதைக் கிதாரும் டிரம்காரரின் காலும் செய்ய, கை செய்வதைச் சிம்பல் செய்தால், அதுதான் ஸ்வீடனின் உமேயோ நகரத்து மெஷுகா குழுவின் அடிப்படை உத்தி. அவர்கள் ஏழோடு நிற்பதில்லை, அடுக்குகள் நீளமானவை, சமத்துக்கு வரப் பல ஆவர்த்தனம், அதாவது பல தாளச் சுற்று ஆகும். ஆனால் தத்துவம் இதே தத்துவம். ஒற்றைப்படை அடுக்கு ஒன்று நாலு நாலான தாளத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போகும், கடைசியில் ஒரு துண்டை வெட்டியோ ஒட்டியோ கொண்டுவந்து சேர்ப்பார்கள். மேற்கத்திய இசையில் இதற்கு பாலிமீட்டர் என்று பெயர். கோர்வை, அதாவது கணக்குப் போட்டு முடிக்கும் சொற்கட்டு, வைக்கத் தெரிந்த மிருதங்கக்காரருக்கு இது புதிதில்லை. வெட்டும் ஒட்டும் இடம்தான் வேறு, இவர்கள் நம்மைப் போல் மூன்று முறை சொல்லித் தீர்மானம் வைப்பதில்லை, சட்டென்று வெட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடுவார்கள்.

சிம்பலும் கைவிட்டுவிட்டால்? ஸ்னேர் டிரம்மைப் பிடியுங்கள். நாலு எண்ணிக்கைப் பாட்டில் அது பெரும்பாலும் இரண்டிலும் நாலிலும் விழும், அல்லது இழுத்து வாசித்தால் மூன்றில் மட்டும். அதுவும் நகர்ந்தால் தாளமே மாறுகிறது என்று அர்த்தம். பன்சர்பாலெட்டில் இது அடிக்கடி நடக்கும். அப்போது தாளங்கள் மாறி மாறி வரும் தாளமாலிகை கேட்கிற மாதிரி, கையை நிறுத்திவிட்டு, எல்லாரும் ஒன்றாக அடிக்கிற இடத்துக்காகக் காத்திருங்கள். அங்கிருந்து புதிதாக எண்ணத் தொடங்கலாம். தவறவிட்டதற்காகப் பாட்டை நிறுத்திப் பின்னால் போகாதீர்கள், கச்சேரியில் அப்படிச் செய்ய முடியுமா?

மூன்றாவது படி: நடை மாறுவதைக் கவனியுங்கள்

மெட்டல் பெரும்பாலும் சதுஸ்ர நடை, தகதிமி தகதிமி என்று சமமாக வெட்டி வைத்தது. ஜாஸின் ஸ்விங், மூன்று மூன்றாக வெட்டும் திஸ்ரத்துக்குப் பக்கத்தில் இருப்பது. தகிட என்று சொல்லி நடுவில் இருக்கும் கி-யை விழுங்கிவிடுங்கள், த–ட, த–ட என்று ஒரு துள்ளல் வரும். ஸ்விங் ஏறக்குறைய அதுதான். வேகம் கூடக்கூட அந்தத் துள்ளல் தேய்ந்து சமமாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜாஸ் மெட்டல் குழுக்கள் ஒரே பாட்டில் இதற்கும் அதற்கும் தாவுவார்கள். நடை பேதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது விளையாட்டு.

கற்பனையாக வாசிப்பதும் அப்படித்தான். ஜாஸில் முதலில் மெட்டை எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தனியாக வாசிப்பார்கள், கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவியைப் பாடிவிட்டு, கற்பனையாகச் சுரம் பாடும் கல்பனாசுரத்துக்குப் போய், பல்லவி தொடங்கும் எடுப்புக்குத் திரும்புகிற மாதிரி. டிரம்காரரும் மற்றவரும் நாலு நாலு அளவாக மாற்றி மாற்றி வாசித்தால், மிருதங்கமும் கஞ்சிராவும் தனி ஆவர்த்தனத்தில் பேசிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது படி: நம் காதுக்கு நிஜமாகவே புதியது எது

தாளம் வரைக்கும் நமக்கு அனுகூலம். சுரக்கட்டு, அதாவது கார்டு விஷயத்தில் அந்த அனுகூலம் இல்லை, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ராகத்தில் வளர்ந்த காது ஒரு நேரத்தில் ஒரு சுரத்தின் பின்னால் போகும். ஜாஸில் நாலைந்து சுரங்கள் ஒன்றாக ஒலித்து அடுத்த கட்டுக்கு நகரும்.

மெட்டலின் கட்டு எளிமையானது. பவர் கார்டு என்பார்கள், அடிப்படைச் சுரமும் அதன் பஞ்சமமும், அவ்வளவுதான். ச, ப. தம்புராவில் கேட்கிற அதே ஜோடிதான், டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். ஏன் இரண்டே சுரம் என்றால், டிஸ்டார்ஷன் வழியாகப் போகும் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிப் புதிய அதிர்வுகளைக் கிளப்பும். ச–ப ஜோடியில் அந்தப் புதிய அதிர்வுகள் இணக்கமாக விழும். அதில் ஒரு காந்தாரத்தையும் நிஷாதத்தையும் சேர்த்தால் சேறு மாதிரிக் கலங்கிவிடும்.

இங்கேதான் ஜாஸ் மெட்டலின் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஜாஸுக்குத் தேவை அடர்த்தியான கட்டு, மெட்டலுக்குத் தேவை டிஸ்டார்ஷன். இரண்டையும் ஒரே கிதாரில் போட்டால் ஒன்றும் புரியாது. அதனால் பங்கு பிரிக்கிறார்கள். ஒரு கிதார் இரண்டு சுரம், இன்னொரு கிதார் இரண்டு, மேலே சாக்ஸபோன் ஒன்று, கீழே பேஸ் ஒன்று. ஆளுக்கொன்றாக வாசித்து மொத்தத்தில் ஒரு ஜாஸ் கட்டு வருகிறது. அல்லது டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டுச் சுத்தமான தொனிக்கு மாறுகிறார்கள். "ஆளுக்கொரு பாட்டு வாசிக்கிறாங்க" என்று அக்கா மகன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது.

தனிக் கிதார் வாசிப்புக்கு ஒரு குறிப்பு. இந்த வகையில் பலருக்கும் குரு மாதிரி இருந்தவர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த், 2017இல் காலமான ஆங்கிலேயக் கிதார்க் கலைஞர். அவருக்கு முதலில் ஆசை சாக்ஸபோன் மேல். அதனால்தானோ என்னவோ, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக மீட்டாமல், இடது கை விரல்களாலேயே சுரத்துக்குச் சுரம் வழுக்கிக்கொண்டு போவார். நாகசுரத்தின் வேகமான பிருகாக்களைக் கேட்கிற மனநிலையோடு கேளுங்கள், கிதார் என்பதை மறந்துவிடுங்கள். மெஷுகாவின் ஃப்ரெட்ரிக் தோர்டெண்டால் தனியாக வாசிக்கும்போது அந்தச் சாயல் அப்படியே தெரியும்.

ஐந்தாவது படி: எந்த வரிசையில் கேட்பது

நேராகப் பன்சர்பாலெட்டில் குதித்தால் அக்கா மகன் கதிதான். ஒரு வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டேவ் புரூபெக் குவார்ட்டெட்டின் "டேக் ஃபைவ்" முதலில். 1959இல் வந்தது, பால் டெஸ்மண்ட் அமைத்தது, ஐந்து எண்ணிக்கை. எண்ணிப் பார்த்தால் தகிட தக, மூன்றும் இரண்டும். நம் கண்ட சாபு தக தகிட. அதே ஐந்து, தலைகீழாக. இதை நன்றாக மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா, 1971இல் வந்த முதல் ஆல்பம். மெட்டல் என்ற பெயரே இன்னும் நிலைக்காத காலத்தில், ஒற்றைப்படைத் தாளங்களில், காது கிழிய மின் கிதார். அவரே பிறகு எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவில் கடம், தபலா, வயலின் பக்கம் திரும்பினார். சக்தியை நம் வீடுகளில் ஏற்கனவே கேட்டிருப்பார்கள், அதனால் வேகமாகத் தாண்டிவிடலாம்.

தாண்டக் கூடாதது ஒன்று இருக்கிறது. ஸ்வீடனின் பேஸ் கலைஞர் யோனாஸ் ஹெல்போர்க், அமெரிக்கக் கிதார்க் கலைஞர் ஷான் லேன், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், மூன்று பேரும் சேர்ந்து வாசித்தவை. ஷான் லேன் மனித விரல் போகக்கூடிய வேகத்தின் எல்லையில் வாசிப்பவர். அந்த வேகத்துக்குச் செல்வகணேஷின் கஞ்சிரா பதில் சொல்கிறது, ஒரே கையால். ஷான் லேன் 2003இல் இளம் வயதிலேயே போய்விட்டார். எனக்கு யாராவது ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள் என்று கேட்டால், இவர்களுடையதைத்தான் சொல்வேன்.

பிறகு அர்மீனியப் பியானோ கலைஞர் டிக்ரான் ஹமாஸ்யான், 2015இல் வந்த "மாக்ரூட்". கிதாரின் இரைச்சல் பிடிக்காதவர்களுக்கு இது நல்ல பாலம். மெஷுகாவின் கணக்குகளை விரும்பிக் கேட்டவர் அவர், அதைப் பியானோவில் வாசித்தால் எப்படியிருக்கும் என்று காட்டுகிறார்.

இப்போது மெட்டலுக்குள் போகலாம். ஃபுளோரிடாவின் சினிக், 1993இல் வந்த "ஃபோகஸ்". இந்த வகையின் மூலநூல் என்று சொல்லலாம். கிதார்க் கலைஞர் பால் மாஸ்விடலும் டிரம் கலைஞர் ஷான் ரைனர்ட்டும் அதற்கு முன்பே டெத் குழுவின் 1991 ஆல்பத்தில் வாசித்துப் பெயர் வாங்கியவர்கள். சொந்த ஆல்பத்தைப் பதிவு செய்யப் போகும் நேரத்தில் 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி வந்து பயிற்சி இடத்தை நாசமாக்கியது, வேலை தள்ளிப்போனது. குரலை இயந்திரம் பாடுகிற மாதிரி மாற்றியிருப்பார்கள், கூடவே ஓர் உறுமல் குரலும் இருக்கும். உறுமல் பிடிக்காவிட்டால் அதைப் பாட்டு என்று நினைக்காதீர்கள், இன்னொரு தோல் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தில் பத்துமலைப் பாதையில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றவருக்கு, தோலை வளைகுச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் பழக்கப்பட்டதுதான். அதைவிடப் பயங்கரமாக எந்தப் பாடகரும் உறுமிவிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மெஷுகா அடுத்து. இரண்டாவது படியில் செய்த பயிற்சி இங்கே பயன்படும். அதற்குப் பிறகு அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ், 2009இல் முதல் ஆல்பம். பாட்டுக் குரலே கிடையாது, பேஸ் கலைஞரும் கிடையாது, எட்டுத் தந்திக் கிதார்களே அந்த வேலையையும் பார்த்துக்கொள்கின்றன. அவர்களுடைய கிதார்க் கலைஞர் டோசின் அபாசி கட்டைவிரலால் தந்தியை அறைந்து வாசிப்பதைக் காணொளியில் பார்த்தால்தான் புரியும்.

நார்வேயின் ஷைனிங், 2010இல் வந்த "பிளாக்ஜாஸ்". சாக்ஸபோனும் கத்தலும் ஒரே ஆள், யோர்கன் முங்கெபி. தேடும்போது எச்சரிக்கை, ஸ்வீடனிலும் ஷைனிங் என்று ஒரு குழு இருக்கிறது. அது பிளாக் மெட்டல், ஜாஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தவறாக அதைப் போட்டுவிட்டு, இதில் சாக்ஸபோன் எங்கே என்று அரை மணி நேரம் காத்திருந்தவன் நான்.

கடைசியில் பன்சர்பாலெட். இவர்கள் "டேக் ஃபைவ்"ஐயே எடுத்துத் தங்கள் பாணியில் வாசித்திருக்கிறார்கள். முதல் வாரம் மனதில் ஏற்றிய மெட்டு இப்போது கைகொடுக்கும், எங்கே முறுக்கியிருக்கிறார்கள், எங்கே உடைத்திருக்கிறார்கள் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியும். தெரிந்த மெட்டைக் கையில் எடுப்பது அவர்களுடைய பழக்கம். 2017இல் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கென்றே ஓர் ஆல்பம் போட்டார்கள். டிசம்பர் மாதம் கோலாலம்பூர் மால்களில் அதே பாட்டுகளை ஒரு மாதம் விடாமல் கேட்டுக் காது புளித்தவர்களுக்கு அது ஒரு பழிவாங்கல்.

ஆறாவது படி: வீட்டை விட்டு வெளியே

நம் ஊரில் இரண்டு உலகமும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. ஜாஸுக்கு ஜாலான் மெசுயின் நோ பிளாக் டை நெடுங்காலமாகப் பெயர்போன இடம், போவதற்கு முன் அன்றைய நிகழ்ச்சி என்ன என்று பார்த்துவிட்டுப் போங்கள். மெட்டல் கிக்குகள், அதாவது சின்னக் கச்சேரிகள், பெட்டாலிங் ஜெயா பக்கம் கடைவீட்டு மாடிகளிலும் சின்ன அரங்குகளிலும் நடக்கும். பெரிய வெளிநாட்டுக் குழுக்கள் வந்தால் புக்கிட் பிந்தாங் சிட்டி சென்டரில் 2022இல் திறந்த ஸெப் அரங்கு மாதிரியான இடங்கள், ஹங் துவா நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள். கடைசிப் பாட்டும் கடைசி ரயிலும் அடிக்கடி ஒரே நேரத்தில் வரும்.

பழைய இசைத்தட்டு, சிடி தேடுபவர்கள் தாமான் ஜெயா எல்ஆர்டி பக்கத்தில் அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தைக்குப் போகலாம். ஜாஸ் நிறையக் கிடைக்கும், மெட்டலும் கிடைக்கும், இரண்டும் சேர்ந்தது கிடைத்தால் அன்றைக்கு லாட்டரி.

நம் பக்கத்து ஆட்களையும் தெரிந்துகொள்ளுங்கள். டிரம் கலைஞர் லூயிஸ் பிரகாசம் 1979லேயே ஆசியாபீட் என்ற குழுவைத் தொடங்கி, ஜாஸோடு ஆசியத் தாளக் கருவிகளைக் கலந்தவர். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா, வேத மந்திரங்களை மெட்டலில் கொண்டுவந்த குழு. சிட்னியில் படித்துக்கொண்டிருந்த மலேசிய மாணவர்கள் 1987இல் தொடங்கிய குரோமோக் தூய திராஷ் மெட்டல். யாரும் ஜாஸ் மெட்டல் இல்லை, ஆனால் இரண்டு கரைகளும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன என்று தெரியும்.

காதுக்கு அடைப்பான் இல்லாமல் மெட்டல் கிக்குக்குப் போகாதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கும் என்று வைத்திருக்கும் பணியிடப் பாதுகாப்புக் கணக்கு, 100 டெசிபலுக்கு வந்தால் பதினைந்தே நிமிடம்தான். சின்ன அறையில் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றால் 100ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். நுரை அடைப்பான் பார்மசியில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். போட்டால் பாட்டு கெட்டுவிடும் என்பார்கள். எனக்குச் சிம்பல் இன்னும் தெளிவாகத்தான் கேட்கிறது.

வெளிநாட்டுக் கலைஞர்கள் இங்கே மேடையேறப் புஸ்பால் என்கிற அரசு அமைப்பின் அனுமதி வேண்டும். மெட்டலுக்கு அது எப்போதும் சுலபமாகக் கிடைத்ததில்லை. 2013இல் அமெரிக்காவின் லேம்ப் ஆஃப் காட் குழுவின் கோலாலம்பூர் நிகழ்ச்சி அனுமதி கிடைக்காமல் ரத்தானது. வெளியூரிலிருந்து வருபவர்கள் டிக்கெட்டை வாங்கலாம், ஓட்டல் அறைக்கு மட்டும் பணத்தைத் திருப்பித் தருகிற வகையாகப் பாருங்கள். ஒரு முறை பினாங்கிலிருந்து வந்த நண்பர்கள் நாலு பேர், நிகழ்ச்சி ரத்தான செய்தியைப் பேருந்தில் ஈப்போ தாண்டும்போது படித்தார்கள். ஏற்பாட்டாளர் டிக்கெட் பணத்தைத் தர நாலு மாதம் எடுத்துக்கொண்டார். அன்றிரவு நாங்கள் ஐந்து பேரும் பனானா லீப் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினோம்.

ஏழாவது படி: வாசிக்க ஆசைப்படுபவர்களுக்கு

அக்கா மகன் இப்போது இந்த நிலைக்கு வந்துவிட்டான். கூடப் படிக்கும் கிதார்ப் பையனைச் சேர்த்துக்கொண்டு ஜாமிங் ஸ்டூடியோவுக்குப் போகிறான். முதல் தடவை என்னையும் அழைத்துப்போனதால், அங்கே பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

மிருதங்கத்துக்கு மைக் வேண்டும், அதுவும் இரண்டு, வலது பக்கத் தோலான வலந்தலைக்கு ஒன்று, இடது பக்கத் தொப்பிக்கு ஒன்று. ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் மைக் இல்லாத மிருதங்கம் வாசிப்பது, ஜாலான் துன் ரசாக்கில் நின்று ரகசியம் பேசுகிற மாதிரி. மைக் வைத்த பிறகு ஆம்பிளிஃபயரை அதற்கு நேராகத் திருப்பினால் வீல் என்று ஊளையிடும், எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். ஏசி அறையில் தோல் சுருதி மாறும், அரை மணி நேரம் முன்னால் போய் வாத்தியத்தை அறைக்குப் பழக விட்டுப் பிறகு சுருதி சேருங்கள்.

சுருதியைக் கிதாருக்கு ஏற்றபடி முன்பே பேசி வையுங்கள். கட்டை என்று சொல்லும் நம் சுருதிக் கணக்கில், சாதாரணமாகச் சுருதி சேர்த்த கிதாரின் அடித்தந்தி மூன்று கட்டை. டிராப் டி என்று அடித்தந்தியை ஒரு சுரம் இறக்கினால் இரண்டு கட்டை. எட்டுத் தந்தியின் அடித்தந்தி நாலரை கட்டை. உங்களிடம் இருக்கிற மிருதங்கம் எந்தச் சுருதி என்று பார்த்து, கிதாரை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். கிதாரை மாற்ற ஒரு நிமிடம், மிருதங்கத்தை இரண்டு கட்டை நகர்த்துவது நடக்கிற காரியமில்லை.

முதல் நாளுக்குப் புதிதாக எதுவும் அமைக்க வேண்டாம். அதே 32ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கம் ஆதி தாளத்தில் சர்வலகு, அதாவது கணக்கில்லாமல் சீராகப் போகும் அடிப்படை நடை, வாசிக்கட்டும். கிதார் அடித்தந்தியில் ச–ப மட்டும் வைத்து, தகிட தகதிமி ஒவ்வொன்றின் முதல் த-விலும் ஓர் அடி, நாலு தடவை, கடைசித் தகதிமியில் நாலு அடி. மெதுவாக, மெட்ரோனோம் 70இல். கிதார்ப் பையன்களுக்கு, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் தெரியாது, அதனால் அவர்களையும் வாயால் சொல்ல வையுங்கள், கூச்சப்படுவார்கள், விடாதீர்கள். பத்துச் சுற்று தடுமாறாமல் போனால் கைகளை மாற்றுங்கள். கிதார் நாலு நாலாகப் போக, மிருதங்கம் ஏழு ஏழாக. பிறகு ஒருவர் எட்டுச் சுற்று தனியாக வாசிக்க, மற்றவர் பிடித்துக்கொள்வது. அன்றைக்கு எங்கள் பையன்கள் இதை மட்டுமே முக்கால் மணி நேரம் வாசித்தார்கள், மூன்றே தடவைதான் சமத்தில் ஒன்றாக விழுந்தார்கள். அந்த மூன்றுக்கும் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஸ்டூடியோவில் மணிக் கணக்கில்தான் வெள்ளி வாங்குவார்கள். நேரம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போதே வயர்களைச் சுற்றத் தொடங்குங்கள், அடுத்த குழு டிரம் குச்சியோடு வாசலில் நிற்கும்.